மேரி சொன்ன எலும்பு வலி

ஆனி மாதம், வியாழக்கிழமை

ஆஸ்பத்திரியில் என் மனைவி மேரியை விட்டுவிட்டு பசறைக்குப் போகும் கடைசி பஸ்ஸில் வீடு வந்தேன்.

அவளுக்கு என்ன வியாதி என்று டாக்டரம்மா இன்றைக்குத்தான் சொன்னார். எல்லாருக்கும் கழுத்தில் அரிசி அளவில் நாலு சுரப்பி இருக்கிறதாம். இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் அவை அதை உணர்ந்து ஒரு ஹோமோனை விடுமாம். அது எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்குமாம். போதுமான அளவு சேர்ந்ததும் சுரப்பிகள் தாமாகவே அடங்கிவிடுமாம். மேரிக்கு ஒரு சுரப்பியில் கட்டி. போதும் என்பது அதற்குத் தெரியவில்லை. வருஷக்கணக்கில் அவள் எலும்பைக் கரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"எலும்பு வலி, அசதி, மறதி, அழுகை எல்லாம் இதனாலதான். உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார்.

சொன்னாள். "இன்னைக்கு மலைக்குப் போக முடியலைங்க" என்று எத்தனையோ காலையில் சொன்னாள். நான்தான் நடிக்காதே என்று போர்வையை இழுத்து, தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பினேன்.

கல்சியம் இறங்கினால்தான் ஒபரேஷனாம். அது ஏறிக் கிடப்பதால் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. என்னை வார்ட்டில் வேலை செய்கிறவன் என்று நினைத்துக் கையைப் பிடித்தாள்.

"ஐயா, நான் படுத்திருக்கேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிறாதீங்க. ஏசுவாரு."

"சொல்ல மாட்டேம்மா" என்றேன்.

அதைக் கேட்டதும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.