விற்கக் கூடாத பசு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவியின் அக்கா எழுதுகிறேன். அங்கே குளிர் குறைந்ததா? முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே தங்கைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, எழுந்து நடமாடுகிறாள். மாத்திரையை மட்டும் இப்போதைக்கு நிறுத்தக் கூடாதாம்.

வயிற்றிலிருந்த குழந்தை தங்கவில்லை என்பதை உங்கள் அப்பா போனில் சொல்லியிருப்பார். அவர் சொன்ன விதம் வேறாக இருக்கும் என்பதால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

மாடு வளர்ப்பவர்களுக்குப் பாடம் சொல்வதுதானே என் வேலை. குறைமாதத்தில் கன்று விழுந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், கன்று வீச்சு நோய் மனிதருக்கும் ஒட்டும், பிள்ளைத்தாய்ச்சிகள் கிட்டவே போகாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்த் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன். உங்கள் ஊர்க் கூட்டத்தில் தங்கை முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அன்று உங்கள் அப்பா தீவனம் வாங்கப் போயிருந்தார். சிவப்புப் பசுவுக்கு நாள் வருமுன்பே வலி கண்டு, கன்று பாதியில் சிக்கிக்கொண்டது. தங்கை எனக்குப் போன் செய்தாள். மருத்துவரோடு வருகிறேன், நீ தொழுவத்துப் பக்கமே போகாதே என்று சொன்னேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோள்வரை நனைந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செத்த கன்று. “அது என்னையே பார்த்துக் கத்துதுக்கா. கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா?” என்றாள்.

அப்புறம்தான் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

சோதனையில் பசுவுக்கு நோய் உறுதியானது. அதை ஊசி போட்டுப் புதைத்துவிடச் சொன்னார் மருத்துவர். உங்கள் அப்பாவோ மாட்டுத் தரகரை வரவழைத்துவிட்டார். “எவன் வீட்டுக்குப் போனா நமக்கென்ன?” என்று அவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. பிள்ளையைப் போல வளர்த்த மாட்டைக் குழியில் தள்ள யாருக்கு மனம் வரும்? ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நிற்கக்கூடத் தெம்பில்லாதவள், தொழுவத்து வாசலை மறித்துக்கொண்டாள். “வாங்கிட்டுப் போற வீட்லயும் ஒருத்தி வயித்துல புள்ளையோட இருப்பா, மாமா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தரகர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பசுவைப் புதைத்தாயிற்று. மாமா அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அக்கம்பக்கத்தில் யாரும் உங்கள் வீட்டு மற்ற மாடுகளின் பாலை வாங்குவதும் இல்லை. போன வாரம் என் கூட்டத்துக்கு அவளாகவே வந்தாள். எழுந்து நின்று, தனக்கு நடந்ததை எல்லாருக்கும் சொன்னாள். வழக்கமாக என் பேச்சுக்கு வாயைப் பொத்திச் சிரிக்கும் பெண்கள் அன்று தலையே நிமிர்த்தவில்லை. கிளம்பும்போது ஆளுக்கொரு ஜோடி கையுறை கேட்டு வாங்கிப் போனார்கள். இத்தனை வருடத்தில் நான் சொல்லி நடக்காதது அது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

குழந்தை போனதிலிருந்து நீங்கள் பேசவில்லை என்று அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன் மணி அடித்தால் ஓடுவதும், யார் என்று பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவதும் என் கண்ணில் படாமலா போகும்?

எங்களுக்கு அம்மா இல்லை. அவளுக்காகப் பரிந்து கேட்க நான் ஒருத்திதான். ஒரு தடவை கூப்பிடுங்கள், மாப்பிள்ளை. பசுவைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஏன் செய்தாய் என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா