யாரோ ஒரு டீச்சரைப் பற்றிய கட்டுரை

ஜூன் 3

சுண்டு, இன்றைக்கு உன் காலேஜ் இங்கிலீஷ் துறைத் தலைவர் வீட்டுக்கு வந்தார். கூடவே உன் மாணவி ஒருத்தி. சோடாபுட்டி என்று சொல்வாயே, அந்தக் கனத்த கண்ணாடிக்காரி.

உன் நினைவாகக் கூட்டம் போடுகிறார்களாம். 'மறக்க முடியாத ஆசிரியர்' என்று இங்கிலீஷ் கட்டுரைப் போட்டி வைத்தார்களாம், இவளுக்கு முதல் பரிசாம். கூட்டத்தில் இவள் அதைப் படிப்பாள், பெற்றவள் என்று நான் மேடையில் உட்கார வேண்டுமாம். பெரிய ஆட்களெல்லாம் வருகிறார்களாம்.

படித்துக் காட்டினாள். ஐந்தாவதோடு நின்றவளுக்கு என்ன புரியும்? "தமிழ்ல சொல்லும்மா" என்றேன். சொன்னாள். நீ மெழுகுவர்த்தியாம். உன்னை உருக்கி வெளிச்சம் கொடுத்தாயாம். புன்னகை மாறாத முகமாம். கோபமே வராதாம்.

கோபமே வராதா! உனக்கா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த வீட்டுப் பிள்ளை அது?" என்று கேட்டுவிட்டேன். துறைத் தலைவர் பாதி டீயோடு எழுந்துவிட்டார்.

ஜூன் 4

சாப்பாடு இறங்கவில்லை. கோபம் அவர்கள் மேலா, உன் மேலா? தலைவலி, தலைவலி என்று மாத்திரையை முழுங்கிவிட்டு வகுப்புக்கு ஓடினாயே, ஒரு நாள் டாக்டரைப் பார்த்திருந்தால் குடியா முழுகியிருக்கும்?

ஜூன் 7

ஆஸ்பத்திரி சலவையில் போர்வை மடிக்கும்போதும் அந்த மெழுகுவர்த்திதான் மண்டைக்குள். மேஸ்திரி அக்கா என்னமோ கேட்டாள், வள்ளென்று விழுந்தேன். அவள் என் பங்குப் போர்வையையும் சேர்த்து மடித்தாள். எல்லாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள், அதுவும் எரிகிறது.

சாப்பிட உட்கார்ந்தால் பிள்ளைகள் எழுதுகிற கட்டுரையைப் பற்றி நீ எத்தனை நாள் பொரிந்து தள்ளியிருக்கிறாய்? "முதல் பத்தி, நடுப் பத்தி, கடைசிப் பத்தி, எல்லாம் கடையில வாங்குன மாதிரியே இருக்கும்மா. ஒரே சட்டையை ஊருக்கே மாட்டி விடறாங்க." யாருக்கும் பொருந்துகிற வரியாக இருந்தால் அதன் கீழே சிவப்புக் கோடு போடுவாய். பக்கத்தில் 'யார்?' என்று எழுதுவாய். இல்லாவிட்டால் 'நீ பார்த்தாயா?' பார்த்ததை முதலில் வாயால் சொல்லச் சொல்வாய். சொல்ல வராதவனுக்குப் பேனா எடுக்கவே அனுமதி கிடையாது.

அப்படிப்பட்டவளைப் பற்றி இப்படியா?

ஜூன் 10

லீவு போட்டுவிட்டு உன் துறைக்கே போனேன்.

"அம்மா, பரிசு அறிவிச்சாச்சு. நல்லதா நாலு வார்த்தை எழுதியிருக்கு. உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார் துறைத் தலைவர்.

உன் இடத்துக்கு வந்த புது வாத்தியாரும் அங்கேதான் இருந்தார். மற்றவர்கள் எழுதியதையும் காட்டுங்கள் என்றேன். அவர் நெளிந்தார். பிறகு விஷயம் வெளியே வந்தது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் தப்பு வரக்கூடாதென்று இவரே ஒரு கட்டுரை எழுதிப் பலகையில் போட்டாராம். மனப்பாடம் செய்து வகுப்பு முழுக்க அதையே எழுதியிருக்கிறது. அத்தனை பேருக்கும் நீ மெழுகுவர்த்தி!

"அப்புறம் எதை வச்சுப் பரிசு குடுத்தீங்க?"

"கையெழுத்தை வச்சு" என்றார் புது வாத்தியார்.

சிரிப்பு வந்தது சுண்டு. அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டேன். அந்த மனுஷன் தண்ணீர் கொண்டுவர ஓடினார். அவர் உன்னைப் பார்த்தது கூட இல்லையாம்.

"அவ சொல்லிக் குடுத்தபடி அந்தப் பொண்ணு எழுதட்டும். இல்லேன்னா நான் மேடை ஏற மாட்டேன், நாற்காலி காலியாத்தான் கிடக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாசல் வரைக்கும் சோடாபுட்டி பின்னாலேயே வந்தாள். "இறந்தவங்களைப் பத்தி நல்லதுதானே ஆன்ட்டி எழுதணும்?"

"பொய் எழுதினா அவ செத்தவ இல்லடி. இருந்ததே இல்லாதவ."

ஜூன் 14

சோடாபுட்டி வந்தாள். எழுதுவதற்கு முன்னால் சொல்லிக்காட்ட வந்தாளாம், நீ பழக்கியபடி. அடுப்படியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

இவளுடைய முதல் கட்டுரையை நாலாகக் கிழித்தாயாம். மறுநாள் நீயே ஒட்டிக் கொண்டுவந்து, "கிழிச்சது தப்பு. ஆனா கட்டுரை மோசம்தான்" என்றாயாம். சாக்பீஸ் கையோடே சாப்பிடுவாயாம். ஆமாம், அது நீதான். அப்படியே கண் முன்னால் வந்து நின்றாய். இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்று நான்தான் பிடுங்கினேன்.

வகுப்பு முடிந்தும் வாட்ச்மேன் சாவியோடு வந்து விரட்டுகிற வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாயாம். ஒரு நாள் இவள் கேட்டாளாம், வீட்டுக்குப் போகலையா மேம் என்று.

"வீட்ல அம்மா இருக்காங்க. ஓயாம பேசிட்டே இருப்பாங்க. இங்கதான் கொஞ்சம் அமைதி."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இதை எழுதல ஆன்ட்டி. விட்டுடறேன்."

டீ பொங்கி அடுப்பு அணைந்தது.

ஜூன் 15

அமைதி வேணுமாமே அமைதி! உங்கப்பா போன பிறகு நான் வேற யாருகிட்டடி பேசுவேன்? சுவத்துகிட்டயா? நாள் பூரா மிஷின் சத்தத்துல நின்னுட்டு வர்றவ, வீட்டுக்கு வந்து பெத்த பொண்ணுகிட்ட நாலு வார்த்தை பேசினா அது உனக்கு இரைச்சலா? வேலை ஜாஸ்திம்மா, வேலை ஜாஸ்திம்மான்னு சொன்னியே. தட்டை மூடி வச்சுட்டு உக்காந்திருந்தேனேடி பைத்தியக்காரி மாதிரி.

ஜூன் 16

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 17

சோடாபுட்டிக்குப் போன் செய்தேன். "அந்த வரி இருக்கட்டும்" என்றேன்.

"நிஜமாவா ஆன்ட்டி?"

"நீ காதால கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்."

"அப்ப எழுது." வேறு எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

ஜூன் 20

கூட்டம் முடிந்து வந்துவிட்டேன். மேடை ஏறினேன். புது வாத்தியார் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். முகம் கொடுத்துப் பேசவில்லை நான். அந்தக் கோபம் போக நாளாகும்.

சோடாபுட்டி படித்தாள். அவ்வளவும் இங்கிலீஷ். கிழிப்பதுபோல் கையால் காட்டிக் கிழித்த கதையை அவள் படித்தபோது உன் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டினார்கள். எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் போலிருக்கிறது. பிறகு ஓரிடத்தில் அரங்கமே சிரித்தது. சிரித்த கையோடு எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. அந்த வரிதான் என்று தெரிந்துகொண்டேன். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து உன்னிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். துணி மாற்றும்போது, விளக்குப் போடும்போது, இதோ எழுதும்போதும். நீ போன நாளிலிருந்தே இப்படித்தான், வாய் ஓய்ந்தபாடில்லை.

தொந்தரவாக இருக்கிறதாடி சுண்டு?