டத்தோ வந்த நாளில் சிந்து

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தோழி ஷபானாவுக்கு,

கூச்சிங்கில் நீயும் பிள்ளைகளும் இறைவன் அருளால் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நம் தலைமையாசிரியர் ரெங்கசாமியும் சுகம். அந்த மாதிரி ஆட்களுக்குச் சளிகூடப் பிடிப்பதில்லை.

நீ மாற்றலாகிப் போகும்போது பள்ளி நூலகத்தை என்னிடம் ஒப்படைத்தாய். சிறப்புக் கல்வி வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேரும் தினமும் வருகிறார்கள். மேசைக்கு அடியில் படுத்துப் படிக்கிறவர்களை நான் எழுப்புவதில்லை. யாரிடமும் பேசாத சிந்துவை உனக்கு நினைவிருக்கும். பாம்புப் புத்தகத்தில் மலைப்பாம்பு இருக்கும் பக்கத்தை விட்டு மூன்று மாதம் அவள் நகரவில்லை. ரெங்கசாமி எட்டிப் பார்த்து, ஒரே பக்கத்தைப் பார்க்க எதற்கு ஒரு நூலகம் என்று கேட்டார். அவர் அறையில் அடுக்கியிருக்கும் புத்தகங்களின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழியவில்லை. நான்காம் மாதம் சிந்து தானாகவே பக்கத்தைப் புரட்டி, நாகப்பாம்பு என்று வாய்விட்டுப் படித்தாள்.

போன புதன்கிழமை, அலமாரிகள் வாங்கிக் கொடுத்த, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் பார்வையிட வந்தார். 'சிறப்புப் பிள்ளைகளின் வாசிப்பு மூலை' என்று பேனர் கட்டியாயிற்று. ஆனால் அந்தப் பிள்ளைகள் சத்தம் போட்டு மானத்தை வாங்கிவிடுவார்களாம். காலையிலேயே ரெங்கசாமி அவர்களைக் கேண்டீனுக்கு அனுப்பிவிட்டு, ஐந்தாம் ஆண்டு வகுப்பின் கெட்டிக்காரப் பிள்ளைகளை அவர்கள் இடத்தில் உட்காரவைத்தார். சத்தம் தாங்காத நம் பிள்ளைகளுக்காக நீயும் நானும் வாங்கிய காதுமூடிகளை இவர்கள் தலையில் மாட்டிவிட்டார். கூத்துக்கு வேஷம் கட்டுகிறவனுக்கும் இதைவிட வெட்கம் இருக்கும்.

டத்தோ பேசிக்கொண்டிருக்கும்போது சிந்து உள்ளே வந்தாள். நேரே மேசைக்கு அடியில் போய்ப் புத்தகத்தைத் திறந்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். யார் இந்தப் பிள்ளை என்று டத்தோ கேட்டார்.

"அது கிளீனர் பிள்ளை டத்தோ, சும்மா வெளையாட வந்திருச்சி" என்றார் ரெங்கசாமி.

யாரோ அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்கள். பிறகு படம் எடுத்தார்கள்.

மறுநாள் அவள் அம்மா புனிதா வந்தார், ஆஸ்பத்திரித் தாதி உடையோடு, வேலைக்குப் போகும் வழியில். சிந்து வீட்டில் அந்தக் 'கிளீனர் பிள்ளை' வாக்கியத்தையே இரவு முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். அவர் கோபப்படவில்லை.

"கிளீனர் பிள்ளைன்னாலும் படிச்சா படிச்சதுதானே டீச்சர்? அவரு அதச் சொல்றப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

டத்தோவுக்கு வலப்பக்கத்தில் இருந்தேன், ஷபானா. படத்தில் என் பல் தெரிகிறது. ரெங்கசாமியை ஏச இன்றைக்கு என்னிடம் இத்தனை சொற்கள் இருக்கின்றன. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அவரை இகழ எனக்கு என்ன தகுதி?

நடந்ததையெல்லாம், நான் வாய்மூடி நின்றது உட்பட, எழுதி நேற்று கல்வி இலாகாவில் கொடுத்துவிட்டேன். தூரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆள் தேவையாம், இன்று காலையே ரெங்கசாமி கூப்பிட்டுச் சொன்னார். போகிறேன் என்றேன்.

சிந்து நூலக வாசலைத் தாண்டுவதில்லை. இன்று நான் பாம்புப் புத்தகத்தோடு வெளியே தரையில் உட்கார்ந்து மலைப்பாம்புப் பக்கத்தைப் படித்தேன். தூண் ஓரமாய் நின்று கேட்டாள். கிட்டே வரவில்லை.

நான் போய்விட்டால், இங்கே வருகிறவருக்கு நீ ஒரு போன் போட்டு, மேசைக்கு அடியில் இருப்பவர்களை எழுப்ப வேண்டாம் என்று சொல்.

வாய் திறக்க வேண்டிய நேரத்தில் இறைவன் உன் வாயைத் திறந்து வைப்பானாக. எனக்கும் அதையே கேள்.

உன்,
ஜுபைதா