திருத்துவதற்கு முன் கண்டது

மார்ச் 3, திங்கள்
ஸ்கூடாய் சிக்னலில் புதிய பேனர். 'புஷ்பவள்ளி டீச்சர் டியூஷன் சென்டர். மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது.' படத்தில் அதே முகம். பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் காரை நகர்த்தினேன்.

பன்னிரண்டு வயதில், ஆறாம் ஆண்டு படிக்கும்போது, அவர் வீட்டு டியூஷனில் மற்றவர்கள் போனபின் என்னை மட்டும் இருக்கச் சொல்வார். அவர் எனக்குச் செய்தது பாலியல் கொடுமை. பதினாறு வருடம் கழித்து இன்றுதான் அந்தச் சொல்லை எழுதுகிறேன்.

லோஷினி அக்கா போன் செய்து, "நல்லா இருக்கியாடா?" என்றாள். "நல்லா இருக்கேன்க்கா."

மார்ச் 6
போலீஸ் நிலையம். சார்ஜன் செல்லப்பன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பொம்பளையா? அலமாக்! ஆம்பளப் பையனுக்கு என்ன தம்பி நஷ்டம்? ஹாஸ்பிட்டல் கவுன்சலர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வா, பாக்கலாம்."

அந்தப் பேனரைப் பார்த்துப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டிருப்பார்கள். இவருக்கு லெட்டர் வேண்டுமாம்.

மார்ச் 14
கவுன்சலர் ஷாமளா மேடம். இருபது வருட அனுபவமாம். நான் சொல்லச் சொல்ல, கதவைப் பூட்டியது வரை வேகமாக எழுதினார்.

"யாரு, டீச்சரோட வீட்டுக்காரரா?"

"டீச்சர்தான்."

பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "தம்பி, சில டீச்சருங்க பிள்ளைங்ககிட்ட ரொம்பப் பாசமா இருப்பாங்க..."

மார்ச் 20
லெட்டர் வந்தது. 'ஆசிரியையின் பாசத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.' நான் சொன்னது ஒரு வரிகூட இல்லை.

ஒருவேளை நான்தான் -

இல்லை. அந்தப் பூட்டுச் சத்தம் இன்னும் கேக்குதே, அது பாசமா?

மார்ச் 21
அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. இன்று ஒரே பிரஷர் கேஜை மூன்று முறை சோதித்தேன். பக்கத்து மேசைக் காளிதாஸ், "டேய், கோப்பி குடிக்கலையா? ஊசிய விட நீ அதிகமா ஆடுற!" என்றான்.

கேஜைத் திருத்துவதற்கு முன், அது காட்டிய அளவை அப்படியே சோதனைப் படிவத்தின் முதல் கட்டத்தில் எழுத வேண்டும். நம்ப முடியாத அளவாக இருந்தாலும் சரி. திருத்தியது அடுத்த கட்டத்தில். முதல் கட்டம் காலியாக இருந்தால் சர்டிபிகேட் செல்லாது.

அந்த லெட்டரில் முதல் கட்டமே இல்லை.

மார்ச் 25
கேஜ் பாரம் ஒன்றைக் கொண்டுபோய் ஷாமளா மேடம் முன் வைத்தேன். "நான் சொன்னத முதல்ல எழுதுங்க. உங்க கருத்து பக்கத்துக் கட்டத்துல வரட்டும்."

"எனக்கே வேல சொல்லித் தர்றீங்களா?"

"ஆமா மேடம். இத நீங்க தப்பாதான் செஞ்சிருக்கீங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "எங்களுக்குப் பயிற்சியில காட்டுன கேஸ் எல்லாத்துலயும் தப்பு செஞ்சது ஆம்பளைங்கதான்," என்றார்.

புதிய தாள் எடுத்தார். "மொதல்ல இருந்து சொல்லுங்க. டீச்சர் என்ன செஞ்சாங்க?"

சொன்னேன். பேனா இரண்டு இடத்தில் நின்றது. கீழே வைக்கவில்லை.

மார்ச் 28
புது லெட்டரில் நான் சொன்னது சொன்னபடி இருந்தது. செல்லப்பன் இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை. ரிப்போர்ட் எண் கொடுத்தார்.

ஏப்ரல் 7
விசாரணை அதிகாரி வாக்குமூலத்துக்கு வியாழன் வரச் சொல்லியிருக்கிறார். பேனர் இன்னும் தொங்குகிறது.

அக்கா போன். "நல்லா இருக்கியாடா?"

பதினாறு வருடமாக நானும் முதல் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டிருக்கிறேன்.

"இல்லக்கா," என்றேன். "கொஞ்சம் உட்காந்துக்கிட்டுக் கேளு."