பழைய பாடத்திட்டம்

நயினாதீவு

அண்ணை,

உயர்தர வகுப்பு திங்கக்கிழமை தொடங்கிட்டுது. கணிதத்துக்கு எங்கட வருசத்திலயிருந்து புதுப் பாடத்திட்டம். உங்கட கொப்பியளைக் கொண்டு போனனான். பாதிக்குமேல இப்ப இல்லையெண்டு சேர் சொல்லிப்போட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

பழைய பாடத்திட்டத்துக்கு இந்த வருசம்தான் கடைசிச் சோதினை. விண்ணப்பம் அடுத்த வெள்ளியோட முடியுது. வேலை செய்யிற கடையில லீவு தரமாட்டினம் எண்டு சாட்டுச் சொல்லாதேங்கோ.

கொப்பியளையும் விண்ணப்பப் படிவத்தையும் கொழும்பு பஸ்ஸில போட்டுவிடுறன். அந்தக் கொப்பியள் இனி உங்களுக்கு மட்டும்தான் உதவும்.

படிவத்தை நிரப்பினது நானில்லை. இரண்டாந்தரமும் பெயில் எண்ட அண்டைக்கு, இந்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாதெண்டு உங்களைக் கலைச்ச அப்பான்ர எழுத்து அது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்.

உங்கட தங்கச்சி