காதுகுத்து விருந்தில் நான் பிசைந்த பால்கோவா

மானாம்பதி

அன்பு மகள் ரேணுகாவுக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே அம்மாவும் நானும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை கூசுகிறது. உன் தம்பி செந்தமிழன் பிள்ளைக்குப் போன மாதம் காது குத்தினோம், போட்டோ பார்த்திருப்பாய். அன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாதே என்று அம்மாவைத் தடுத்தது நான்தான். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சாப்பிட்டுப் போனவர்கள் பொழுது சாய்வதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். தெருவே பேஜாராகிவிட்டது, உன் அத்தை சுலோச்சனாவுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சமையல் நம் தெருக்கோடி கோவிந்தம்மாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சொந்தக்காரர்கள் நடுவில் அவளைப் பார்த்து, இன்னா கையி உங்கையி, கழுவாத கைய வெச்சிக்கினு ஊரையே சாவடிக்கப் பாக்குறியா என்று கத்திவிட்டேன். அவள் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள், அதற்கப்புறம் எந்த வீட்டிலும் அவளைச் சமைக்கக் கூப்பிடவில்லை.

சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து மிஞ்சின பண்டங்களை எடுத்தார்கள், சமையலில் கை வைத்தவர்கள் கையை எல்லாம் பஞ்சுக்குச்சியால் தடவியும் எடுத்தார்கள். பால்கோவா மட்டும் முந்தின நாளே நான் பிசைந்து உருட்டி வெளியில் வைத்தது. கரும்பு வெட்டும்போது விரலில் பட்ட காயம் சீழ் கோத்திருந்தது, துணியைச் சுற்றிக்கொண்டு பிசைந்தேன். சர்க்கரை வியாதி என்று நான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. லேப் டாக்டரம்மா ஜெனிஃபர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீ தினம் லேப்பில் பார்க்கிற வேலைதானே, ஆனாலும் நான் கண்டதைச் சொல்கிறேன். மூடி போட்ட தட்டில் கூழ் போல உறைந்ததன் மேல் மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாக வளர்ந்திருந்தது, அதில் கொஞ்சம் எடுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஊதா நிறத்தில் திராட்சைக் கொத்து போலக் கிருமிகள். கோவாவிலும் அதுதான், என் விரலிலும் அதுதான், இரண்டும் ஒரே மருந்துக்குத்தான் சாகிறது. கோவிந்தம்மாள் கையிலிருந்து எடுத்த தட்டில் அது இல்லை. சீழை நான் வெறும் அழுக்கு என்று நினைத்திருந்தேன், கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்களாம் அது. என் உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான் துணி சுற்றி மூடிவிட்டேன்.

அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, தப்பு எம்மேலதாம்மா என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, சரிண்ணா, எங்கையில இருந்துச்சினு வந்திருந்தா நீ கத்துனது சரியாப் பூடுமா, நான் வேணும்னேவா செஞ்சிருப்பேன் என்று கேட்டாள். பிறகு, வெயில்ல வந்துகீற, தண்ணி குடிக்கிறியா என்றாள். அப்போதுதான் ரொம்பக் குன்றிப்போனேன்.

இப்போது விருந்துக்கு வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், என் கையால் வந்த வினை என்று சொல்லி வருகிறேன், ஓரிக்கை ஊரில் இருக்கிற சொந்தம் மட்டும் பாக்கி. விடுங்க மாமா என்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். நீ கோவிந்தம்மாளுக்குப் போன் போட்டு எனக்காகப் பேசிவிடாதே, மறந்துவிடாதே. அவள் முகம் கொடுக்கிற வரைக்கும் நானே போகிறேன்.

வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி அண்டாமல் நிறைவாக வாழ வேண்டும்.

உன்னிடம் சொல்லவே வெட்கப்பட்ட உன் அப்பா,
இருசப்பன்