சத்தமே வராத ஐஸ் மெஷின்

மார்ச் 5

அண்ணனுக்கு இன்று டயாலிசிஸ். சனிக்கிழமைக்கும் இன்றைக்கும் நடுவில் எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. அத்தனையும் தண்ணீர். நர்ஸ் என்னை முறைத்தாள், நான்தான் குடித்த மாதிரி. ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு லிட்டர்தான், காபி குழம்பு எல்லாம் சேர்த்து. "தாகமா இருந்தா ஐஸ் சப்பச் சொல்லுங்க. அதுவும் இந்த ஒரு லிட்டர்ல சேர்த்தி."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஐஸ் ட்ரேயை சிங்க்கில் தட்ட ஆரம்பித்துவிட்டார். டொக். டொக். டொக். சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஹெட்போனோடு விசாரணைக் கமிஷன் ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பக்கம் 14-இல் "சாட்சி: டொக்" என்று அடித்திருக்கிறேன். அழித்தேன்.

மார்ச் 6

இரண்டு ட்ரே மத்தியானத்துக்குள் காலி. ஐஸ் இல்லையென்றால் அடுத்தது சொம்புதான். போன மாதம் அப்படித்தான் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் போனோம். இன்னொரு தடவை என்னால் அந்த வண்டியில் உட்கார முடியாது.

முடிவு செய்துவிட்டேன். சமையல் மேடைக்கு அடியில் வைக்கிற ஐஸ் மெஷின். ஒரே நிபந்தனை, சத்தம் வரக் கூடாது.

"முப்பத்தோரு வருஷம் கண்டக்டரா பஸ்ல நின்னவன் நான். எனக்கு மெஷினா?" என்றார். சொல்லிக்கொண்டே ட்ரேயைத் தட்டினார்.

மார்ச் 8

கடை. "சத்தமே வராது மேடம். இப்படி ஒண்ணு வீட்ல இருக்குன்னே மறந்துடுவீங்க." பின்னால் இருபது டிவி ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் ரயில் போனாலும் கேட்காது. டிவியை எல்லாம் நிறுத்தச் சொன்னேன். மேனேஜரைக் கேட்க வேண்டும் என்று விற்பனையாளர் போனார். மேனேஜர் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 9

கடை திறக்கும்போதே போய்விட்டேன், ரெக்கார்டரோடு. மூன்று மெஷின், ஆளுக்குப் பத்து நிமிடம். வீட்டுக்கு வந்து வழக்கம்போல் தட்டச்சு செய்தேன். வேறு எப்படி முடிவெடுப்பது, எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே?

முதல் மெஷின்: ம்ம்ம்ம். (தண்ணீர்.) ம்ம்ம்ம். தடால்.
இரண்டாவது மெஷின்: (பெருமூச்சு.) கடகட. (தெளிவில்லை.)
மூன்றாவது மெஷின்: (மௌனம்.)
விற்பனையாளர்: பாத்தீங்களா மேடம்?
மூன்றாவது மெஷின்: (மௌனம்.)

கடைக்குப் போன் போட்டு, அதற்கு ப்ளக் மாட்டியிருந்ததா என்று கேட்டேன். மாட்டியிருந்ததாம்.

மார்ச் 11

பிளம்பர் வந்து இடம் பார்த்தார். "சூடு முன்பக்கமா வெளியே போற மாடல்தானே? இல்லன்னா மேடைக்கு அடியில புழுங்கியே படுத்துடும்." சிங்க்கை ஒட்டி வைத்தால் உருகுகிற தண்ணீர் தானாக வடியுமாம். தள்ளி வைத்தால் பம்ப் வேண்டும், பம்ப் கத்தும். தண்ணீருக்கு ஃபில்டர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உப்புக் கறை எடுக்க வேண்டும். கேட்காமலே பதில் சொன்ன ஒரே ஆள் இவர்தான்.

"இந்தக் கம்பெனியை நம்பலாமா?"

"ஒழுங்கா கழுவினா எந்தக் கம்பெனியும் உழைக்கும்கா. யாரும் கழுவுறதில்ல."

மார்ச் 14

வந்துவிட்டது. அண்ணன் அதன் மேல் கை வைத்துப் பார்த்து, "ஓடுதா இது?" என்றார். ஓடிக்கொண்டிருந்தது. பல்லுக்கு மெத்தென்று உடைகிற சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லா இருக்கும்மா."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு பக்கம் 96.

மார்ச் 18

சத்தமே இல்லை. நாற்பது பக்கம் முடித்தேன். நான் கெட்டிக்காரி.

மார்ச் 19

மூன்றரை கிலோ.

நர்ஸ் இன்று முறைக்கக்கூட இல்லை. நேரே டாக்டரைக் கூப்பிட்டாள். "இன்னொரு தடவை இப்படி வந்தா நுரையீரல் தாங்காதும்மா," என்றார் டாக்டர், என்னிடம்தான்.

"வெறும் ஐஸ்தானே," என்கிறார் அண்ணன்.

மேஜை முன்னால் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்த டொக் டொக்கைத் திட்டிக்கொண்டே நான் எண்ணியிருக்கிறேன். ஐந்தாவது டொக்கில் ஹெட்போனைக் கழற்றாமலே "அண்ணா, போதும்" என்று கத்துவேன். கை நின்றுவிடும். இரண்டு வருடம் அதுதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. நான் என்ன செய்தேன்? ரெக்கார்டர் எடுத்துக்கொண்டு அலைந்து, ஊரிலேயே ஊமையான மெஷினாகத் தேடி வாங்கிக் கொடுத்தேன். அறிவு இருக்காடி உனக்கு?

மார்ச் 20

கடைக்குப் போன் செய்தேன். இதே மாடலில் கொஞ்சம் சத்தம் வருகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டேன். விற்பனையாளர் போனை மேனேஜரிடம் கொடுத்துவிட்டார்.

பூட்டுப் போடப் போகிறேன் என்றேன். "நான் என்ன திருடனா?" ஆமா, தண்ணித் திருடன்! சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் கத்தவில்லை. "தாகம்னா என்னன்னு உனக்குத் தெரியாதும்மா. வாய்ல மண்ணை வெச்சு அடைச்ச மாதிரி இருக்கும்," என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மார்ச் 22

இன்று நானும் ஒரே ஒரு லிட்டர். பார்ப்போமே என்றுதான்.

மதியம் மூன்று மணிக்கு எழுந்து போனேன். கையில் கரண்டி, மெஷின் கதவு திறந்திருக்கிறது, எப்போது திறந்தேன் என்றே ஞாபகம் இல்லை. நிமிர்ந்தால் வாசற்படியில் அண்ணன். கரண்டியை என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தினார்.

மார்ச் 23

டயாலிசிஸ் முடிந்து வந்ததும் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். அடியில் அவருடைய கண்டக்டர் விசில். சோப்புப் போட்டுக் கழுவி, கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"ஒரு கரண்டிக்கு ஒரு விசில். ஒரு நாளைக்கு ஆறு. நீ எண்ணிக்கோ."

"ஊதாம எடுத்தா?"

"டிக்கெட் குடுக்காம நான் யாரையும் ஏத்தினதில்ல," என்றார். கோபம் வந்துவிட்டது அவருக்கு.

மார்ச் 24

ஆறு.

மார்ச் 25

ஆறு. ஆறாவதுக்கு நான் "இடமில்ல, இடமில்ல" என்று கத்தினேன். சமையலறையில் சிரிப்புச் சத்தம்.

மார்ச் 26

ஒன்றே முக்கால் கிலோ. எடைக் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறச் சொன்னாள் நர்ஸ். அதே ஒன்றே முக்கால்.

ஏப்ரல் 3

கமிஷன் அலுவலகத்திலிருந்து போன். பக்கம் 212-இல் "(விசில்)" என்று இருக்கிறதே, விசாரணையில் விசில் ஊதியது யார்? மன்னிக்கவும், திருத்தி அனுப்புகிறேன் என்றேன்.

ஏப்ரல் 9

ஒன்றரை கிலோ. திரும்பி வந்து வேலையில் உட்கார்ந்தேன். நான்கு மணி வரை நான்கு விசில். ஐந்து மணி, சத்தம் இல்லை. ஐந்தரை, இல்லை. ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மெஷினும் வாயைத் திறக்காது. எழுந்து போய்ப் பார்க்கப் பயம். பிறகும் தட்டச்சு செய்தேன், என்ன அடித்தேன் என்று தெரியாது. இப்போது படித்துப் பார்க்கிறேன்:

சாட்சி: அதற்கப்புறம் என்ன ஆச்சுன்னா, நாங்க எல்லாரும் வெளியே காத்துக்கிட்டு இருந்தோம், உள்ளேயிருந்து (விசில்)

அழிக்கவில்லை.